அடுப்போரச் சுவர்

"மறுபடியும் ஒடைச்சிட்டாங்கய்யா! எய்ந்து வந்து பாரு!"

தங்கம்மாவின் கூச்சல் லைன் வீடுகளின் கோடி வரைக்கும் கேட்டது.

நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்த அவள் புருஷன் கோவிந்தன், "காத்தாலயே இன்னாமே?" என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடு அது. தட்டி கட்டி மண் பூசிய ஒரே சுவர்தான் அதற்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில். அதில் தங்கம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பத்து நாளைக்கு முன்னால் திடீரென்று முளைத்தது.

சுவர் பூசி அவளுக்குப் பழக்கமில்லை. குடியாத்தத்தில் பிறந்த வீட்டில் அதெல்லாம் அண்ணன்மார் வேலை. முதல் தடவை, கிட்டத்தில் கிடைக்கிறதே என்று சயனைடு மேட்டு மண்ணை அள்ளி வந்து குழைத்தாள். தங்கத்தை எடுத்துவிட்டு மில்லிலிருந்து கொட்டுகிற மண் அது. பசையே கிடையாது. பூசினது பொழுது சாய்வதற்குள் உதிர்ந்து களிப்பானைக்குள் விழுந்தது. "களியில இன்னாவோ கடிபடுது" என்று சொன்ன பாவத்துக்குக் கோவிந்தன் அன்று வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் விவரம் கேட்டுக்கொண்டாள். தண்ணீருக்குப் போகும்போது ஏரிக் களிமண் ஒரு கூடை, வரும்போது சாணி ஒரு கை. வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து, கேழ்வரகு அரைப்பதற்கும் துணி துவைப்பதற்கும் நடுவில் பூசினாள். இரும்பாக நின்றது. மறுநாள் காலையில் அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் யாரோ குத்தித் திறந்துவிட்டார்கள். நேற்று மறுபடியும் பூசினாள். இதோ, மறுபடியும் ஓட்டை.

"எல்லாம் அந்த மரியகுழந்த வேலை! கெணத்தாண்ட சண்டை போட்டேன்ல, அதுக்குப் பழி வாங்கறா!"

அடுத்த வீட்டு மரியகுழந்தையோடு குடம் வைக்கும் வரிசைக்காக ஒரு மாசத்துக்கு முன்னால் நடந்த சண்டை. அவள் அப்போது நிறைமாசக்காரி. இப்போது குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். அவள் புருஷன் ஏசுபாதம் மேல் பாறை சரிந்து, கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எல்லாம் தங்கம்மாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கோபம் வந்தால் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

களியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய், லைனைக் கவனிக்கிற தங்கவேலு மேஸ்திரியைக் கையோடு கூட்டி வந்தாள். பின்னாலேயே லைனும் வந்தது.

மேஸ்திரி ஓட்டையைக் குனிந்து பார்த்தார். "கம்பெனி சொவுரு. ஒடைச்சவங்க வூட்டைக் காலி பண்ணணும், தெரியுமில்ல?"

"பண்ணட்டும்! இன்னிக்கே பண்ணட்டும்!"

மரியகுழந்தை வாசலுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீதான் ஒடைச்சியாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாருங்க, வாயைத் தொறக்கறாளா பாருங்க! அமுக்குணி!"

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "சரி. சட்டிபானையை எடுத்து வெளியில வைம்மா."

"அவங்க ஒடைக்கல, மேஸ்திரி. நான்தான்."

கம்பளியைப் போர்த்தியபடி கோவிந்தன் நின்றிருந்தான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கம்மாவுக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"நீயா? அந்தாண்ட இன்னாத்தைய்யா பாக்கறதுக்கு ஓட்டை போட்டே? சொல்லு! நாலு பேர் நடுவுல சொல்லு!"

"உள்ள போய் நீயே பாரு."

மரியகுழந்தையை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள் தங்கம்மா.

வீடு மார்கழிக் குளிரில் சில்லிட்டுக் கிடந்தது. அடுப்பில் பழைய சாம்பல். விறகு ஒரு குச்சிகூட இல்லை. ஓட்டையை ஒட்டினாற்போல ஒரு முறம். முறத்தில் கந்தல் விரித்து, அதில் குழந்தை தூங்கியது. தங்கம்மா களி கிளறிவிட்டு வந்த அடுப்பின் அனல் ஓட்டை வழியாக வந்து அதன் காலில் பட்டுக்கொண்டிருந்தது.

அவள் வெளியே வந்தபோது முறம் அவள் கையில் இருந்தது, குழந்தையோடு. யாரையும் பார்க்காமல் நேரே தன் வீட்டுக்குள் போய், தன் அடுப்போரத்தில் முறத்தை வைத்தாள். திரும்பி வந்து மரியகுழந்தையின் கையைப் பிடித்து, "நின்னுக்கினே கீறியே, பச்ச ஒடம்பு! உள்ள வந்து குந்து!" என்று அதட்டினாள்.

"அப்போ காலி பண்றது நீதானா கோவிந்தா?" என்றார் மேஸ்திரி.

"அவரை இன்னா கேக்கறீங்க? சொவுத்தை ஒடைச்சது நான்னு எய்திக்கோங்க!"

புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் இன்னும் இறங்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஏன்யா, பத்து நாளா எனக்குத் தெரியாம குடைஞ்சிருக்கியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாலு வெறகு குடுத்திருக்க மாட்டேனா? நான் இன்னா அவ்ளோ கல்நெஞ்சுக்காரியா?"

கோவிந்தன் தரையைப் பார்த்தான். மேஸ்திரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். லைனே கூடி நின்றது. இல்லை என்று சொல்ல ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.