பெருக்கத் தெரியாதவள்

"நிறுத்துங்க. இதுல உயிரே இல்ல."

துடைப்பத்தோடு குனிந்திருந்த அம்மாள் நிமிர்ந்தாள். நடிகர் தேர்வு நடக்கிற அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் டைரக்டர். ஒரே ஒரு படம் எடுத்தவர். அது ஓடிய நாட்களைவிட அதைப் பற்றி அவர் பேசிய நாட்கள் அதிகம்.

மடியில் ஒரு குணச்சித்திர நடிகையின் ஃபைல். முப்பது வருஷம், எண்பது படம், பதினோரு சீரியல். எல்லாவற்றிலும் கதாநாயகனுக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டே போகிற வேஷம். டைரக்டர் இப்போது எடுக்கப்போகிற தொடரில்தான் வேலைக்காரியே கதாநாயகி. இவர் டிக் அடித்தால் முதல் தடவையாகப் போஸ்டரில் முகம் வரும்.

போட்டோ பொய் சொல்லும் என்பது டைரக்டரின் சித்தாந்தம். அதனால் ஃபைலில் முதல் பக்கத்தைப் பார்ப்பதேயில்லை.

"சார், நான் வந்து..."

"பேசாதீங்கம்மா. கை பேசணும். முப்பது வருஷமா சினிமாவுக்குப் பெருக்கிப் பெருக்கி, உங்க கைக்கு நிஜமே மறந்துபோச்சு."

அந்த அம்மாள் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மறுபடி குனிந்து, "காலைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றாள்.

வசனத்தில் இல்லாததைப் பேசுவது பழைய நடிகைகளின் வியாதி என்று ஒரு பாட்டம் விளக்கினார். காலைத் தூக்கவில்லை. நிஜ வேலைக்காரி முதுகை எப்படி வளைப்பாள், எந்த இடத்தில் பெருமூச்சு விடுவாள் என்று இன்னொரு பாட்டம். சொந்த வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிற ஆள்.

கடைசியில் துடைப்பத்தைப் பிடுங்கி அவரே பெருக்கிக் காட்டினார். ஜன்னலிலிருந்து வாசல்வரை, மேஜைக்கடியில்கூட நுழைந்து, வியர்க்க விறுவிறுக்க.

"இதுக்குப் பேர்தான் யதார்த்தம். புரியுதா?"

மூச்சு வாங்க உட்கார்ந்து, ஃபைலின் குறுக்கே பெரிதாக எழுதினார்: 'வேலைக்காரி என்று நம்பவே முடியவில்லை.'

அந்த அம்மாள் வாசலில் சேர்ந்திருந்த குப்பையை நிதானமாக வாரிக்கொண்டாள்.

"ரொம்ப சுத்தமாப் பெருக்கிட்டீங்க சார். நடிக்க வந்த அம்மா வெளியே உட்கார்ந்திருக்காங்க, வரச் சொல்லட்டா?"