உள்பக்கம் திருப்பிய மணிக்கூடு

கடைக்காரர் தாஹிர் இறந்து, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாளும் பெரியவர் பற்றிக் வந்தார்.

துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில், வாசலைப் பார்த்தபடி இருந்த அதே கதிரையில் அமர்ந்து, எதிரே காலியாகக் கிடந்த கதிரைக்கு ஒரு தலையசைப்புப் போட்டார். அது தாஹிரின் கதிரை. மதியமானால் பற்றிக் "வீட்டில மனுசி பாத்துக்கொண்டிருப்பா" என்று எழுந்து போய்விடுவார். அதுவரை ஒரு வெறுந்தேத்தண்ணிதான்.

இப்போது கடையை நடத்துபவள் தாஹிரின் பேத்தி றிஷானா. மூத்தாப்பாவின் கடையும், மூத்தாப்பாவின் கைமணிக்கூடும், மூத்தாப்பா முடிக்காமல் விட்ட ஒரு வேலையும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தன.

அந்த வேலையைப் பற்றி அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வாய் திறந்தார்.

"நான் தேத்தண்ணி ஊத்த வந்த ஆளில்ல, மகள். இரகசியப் பொலிஸ்."

மருந்து மயக்கம் என்று நினைத்தாள். சீனிப் போத்தலுக்குள் போகும் எறும்பையே பிடிக்கத் தெரியாத மனிதர் அவர்.

ஆனால் கதை கோர்வையாக வந்தது. எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமானுக்குத் தடை இருந்த காலத்தில், கப்பல்களிலிருந்து கைமணிக்கூடுகள் கள்ளமாக இறங்கி, இந்த வாசல் வழியாகவே ஊருக்குள் போயின. எப்படிப் போயின என்று யாருக்கும் பிடிபடவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும் என்று தாஹிரிடம் ஒரு தேத்தண்ணிக் கேத்தலைக் கொடுத்து இங்கே இருத்தினார்கள். கடத்தும் ஆள் யார் என்று முதல் மாதமே, கடைக்குப் பணிஸ் ரொட்டி கொண்டுவரும் பெட்டை காதோடு சொல்லிவிட்டாள். ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாசலையே பார்த்திருக்கும் பற்றிக். கையில் மணிக்கூடு கட்டியிருப்பார்; ஆனால் அதன் முகம் எப்போதும் மணிக்கட்டின் உள்பக்கம்தான் இருக்கும்.

"அப்ப ஏன் பிடிக்கல்ல?"

"கையும் களவுமாப் பிடிக்கத்தான் பக்கத்தில குந்திக் கதைச்சன். கதைச்சுக் கதைச்சுக் கூட்டாளியாப் போயிட்டம்."

பிறகு தடை நீங்கியது. மணிக்கூடு எல்லாக் கடையிலும் தொங்கியது. வழக்கு என்னவாயிற்று என்று கேட்க ஆளில்லை. தாஹிர் உத்தியோகத்தை விட்டார், கேத்தலை விடவில்லை.

"நான் கேட்டிருந்தா கூட்டு முறிஞ்சிருக்கும். நான் மௌத்தான பிறகு நீ கேளு, மகள். அவன் என்னோட இருந்தது சிநேகத்துக்கா, களவை மறைக்கவா எண்டு."

கத்தம் முடியட்டும் என்று றிஷானா தள்ளிப்போட்டாள். ஜனாஸா அடக்கம் செய்த அன்று மையவாடி மதிலோரம் வெயிலில் நின்று அழுதவர் பற்றிக். அந்தக் கண்ணீர் பொய் என்று அறிந்துகொள்ள அவளுக்கு அவசரமில்லை.

இன்று தேத்தண்ணியை வைத்தவள், அங்கேயே நின்றாள்.

"அங்கிள், நேரம் என்ன?"

பற்றிக் கையை நெஞ்சோடு திருப்பிப் பார்த்தார். "பன்ரண்டாகப் போகுது."

"நானும் பாக்கட்டா?"

அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை மேசையில் மல்லாத்தினார். பச்சை முகம், சிவப்பு முள். எங்கோ கண்ட மாதிரி இருந்தது. ஆனால் அவள் பாடமாக்கி வைத்திருந்த வசனம் முந்திக்கொண்டது.

"மூத்தாப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார். அவர் இரகசியப் பொலிஸ். நீங்க கப்பல் மணிக்கூடு கடத்தின ஆள்."

பற்றிக் தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தார்.

"எங்கட தாஹிரா பொலிஸ்? பிள்ளை, நான் சுங்கத்தில இரகசியப் பகுதி. கடத்துறது கடைக்காரன்தான் எண்டு துப்பு வந்து, உன்ர மூத்தாப்பாவைப் பாக்கத்தான் என்னை இங்க இருத்தினவங்கள்."

"பொய்."

"உன்ர கையைப் பார்."

சட்டையின் நீளக் கையை மேலே இழுத்துவிட்டுப் பார்த்தாள். மூத்தாப்பாவின் மணிக்கூடு. பச்சை முகம், சிவப்பு முள்.

"அதைக் கண்டுதான் நான் நம்பினனான். என்ர மணிக்கூடு எனக்கு அன்பளிப்பாக் கிடைச்சது; அவரிட்ட இருந்ததுதான் கள்ளச் சாமான். என்ரயைக் கண்டு அவர் உசாராயிடுவார் எண்டு உள்பக்கம் திருப்பிக் கட்டினனான். அப்பிடியே பழகிப்போச்சு."

"பிறகு ஏன் பிடிக்கல்ல?"

"ரெண்டு தரம் இடமாற்றம் வந்தது. ஆள் இன்னும் அகப்படேல்ல, நான் இங்கதான் இருக்கவேணும் எண்டு மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டு இருந்திட்டன்." பற்றிக் காலிக் கதிரையைப் பார்த்தார். "துப்புக்கு இல்லை, பிள்ளை. இந்தத் தேத்தண்ணிக்கு."

மூத்தாப்பா கேட்கச் சொன்னதற்கு விடை வந்துவிட்டது. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போயிருக்கலாம். ஆனால் அவள் பொலிஸ்காரரின் பேத்தி.

"அப்ப உங்களுக்கு இதை அன்பளிப்பாத் தந்தது யாரு?"

"கிறிஸ்டின். அந்த நாளில கப்பல் ஆக்களுக்கும் இந்தக் கடைக்கும் பணிஸ் கொண்டுவந்த பெட்டை. காவலாளிக்கு ரெண்டு பணிசை நீட்டிப்போட்டு, கூடையோட உள்ள போவாள், கூடையோட வருவாள். நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு ஒண்டு தந்தவள். பெருநாளுக்கு அவருக்கும் ஒண்டு குடுத்திருப்பாள் போல."

"கடைக்காரன்தான் கடத்துறான் எண்டு உங்களுக்குத் துப்புச் சொன்னது?"

பற்றிக் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"கிறிஸ்டின்."

"மூத்தாப்பாவிட்ட உங்களைக் காட்டிக்குடுத்ததும் பணிஸ்காரப் பெட்டைதானாம்."

இருவரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கூடும் சரியாக ஒரே நேரத்தைக் காட்டின. நல்ல சாமான்தான்.

"இப்ப அவ எங்க இரிக்கா, அங்கிள்?"

பற்றிக் கதிரையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"என்ர வீட்டிலதான், பிள்ளை. எனக்குச் சோத்தைப் போட்டு வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பா."