மாடிக்குக் கேட்கிற சத்தம்

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சைலன்சர் வாங்க வந்த மனிதரை மெக்கானிக் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஒரு காதில் இல்லை, இரண்டிலும். கொளுத்துகிற வெயிலில் தலைக்குக் கம்பளித் தொப்பி வேறு.

வண்டி லேசுப்பட்டதில்லை. ஆள் உயரக் கறுப்பு எஸ்யூவி, காலை வைத்தால் பறக்கும். அந்த மாதிரி வண்டிக்குச் சத்தம் மாற்ற வருகிறவர்களை மெக்கானிக் கரைத்துக் குடித்திருந்தார். ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும், போலீஸ்காரர் மட்டும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் தேவை. வந்தவரை வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, தானே ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டுவார். ஓட்டுகிறவன் காதுக்குத் தன் வண்டி எப்போதும் தேன்தான் என்பார்.

இவரோ, "மேல ரூம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. அங்கே ஏறிப் போய், ஜன்னலை இறுகச் சாத்தி, அட்டைப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கூட வந்த தம்பி வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய், கடையை மெதுவாகக் கடந்து வர வேண்டும். வேகம் இருபதைத் தாண்டக் கூடாது.

முதலில் மாட்டியது கடையிலேயே உசத்தியான சைலன்சர். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த சத்தம். மேலிருந்து இறங்கி வந்தவர், கேட்கவே இல்லை என்றார். இரண்டாவது கேட்டதாம், ஆனால் யார் வண்டியோ போகிற மாதிரி இருந்ததாம்.

மாட்டிக் கழற்றியே மதியமாகிவிட்டது. மெக்கானிக்குக்குப் பொறுமை போயிற்று. பணத்தைக் கொட்டிச் சத்தம் வாங்க வந்தவர் எதற்குக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும்? யாருக்குத்தான் கேட்க வேண்டும் என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எங்க அம்மாவுக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணச் சண்டையில், இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டாள் அம்மா. அவரும் விழிக்கவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. ஆனால் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் போவார். நிறுத்த மாட்டார். மாடி அறையில் படுக்கையோடு கிடக்கிற அம்மா, அந்தச் சத்தம் கடந்து போன பிறகுதான் சாப்பாட்டுத் தட்டைக் கேட்பாள் என்று, அவளோடு இருக்கிற இந்தத் தம்பிதான் ஒருநாள் சொன்னான். இவர் பெயரை மட்டும் எடுக்க மாட்டாளாம்.

இப்போது அவளுக்குக் காது மந்தம். காது மிஷினைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். வண்டிச் சத்தம் எட்டவில்லை. அண்ணன் இப்போதுதான் போனான் என்று தம்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்புவதில்லை. நாலு நாளாகத் தட்டு அப்படியே திரும்பி வருகிறது.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "நேரா மேல போய் ஒரு தடவ நில்லுங்க சார். எல்லாம் சரியாயிடும்."

அவர் சிரித்துவைத்தார். என்ன வீம்பு இது, பெற்றவள் பட்டினி கிடக்கும்போது கூடவா என்று மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது.

மூன்றாவது, யாரும் விரும்பி வாங்காத மலிவுச் சரக்கு. சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருக்கும். அதை மாட்டிவிட்டு இந்தத் தடவை மெக்கானிக்கும் மாடிக்குப் போனார். அவரிடமே பஞ்சு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

சத்தம் வந்தது. பஞ்சையும் கண்ணாடியையும் தாண்டித் தெளிவாக வந்தது. கடைக்கு நேரே, இரண்டு முறை உறுமிவிட்டுப் போனது.

படுத்திருந்தவர் துள்ளி எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"ரெண்டு தடவ இல்லடா! நான் ஒரு தடவதான் மிதிப்பேன். அம்மா கண்டுபிடிச்சிருவா!"

மெக்கானிக் அவரையும் கீழே வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் தம்பிதான் ஓட்டப் போகிறாரா என்று கேட்டார்.

"அடுத்த மாசத்துலேருந்து. டாக்டர் எனக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்காரு."

தொப்பியைக் கழற்றினார். தலையில் ஒரு முடி இல்லை. கன்னமும் கண்ணும் குழி விழுந்து கிடந்தன. இந்த முகத்தைக் கொண்டுபோய் அம்மா முன்னால் எப்படி நிற்பது என்று அவர் கேட்டபோது, சற்று முன் பேசிய நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு.

கீழே வண்டி நடுத்தெருவில் நின்றிருந்தது. தம்பி ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்திருந்தான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் தெருமுனைக்குப் போனான்.

இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தூரத்தில் கரகரவென்று கிளம்பிய சத்தம் நெருங்கி வந்தது. கடைக்கு நேரே ஒரே ஒரு உறுமல். பிறகு மெல்லத் தேய்ந்து போனது.

"நான்தான்," என்றார்.