மீன்கொத்தி கேட்ட புதுப் பாட்டு

ஒரு குளத்தில் நாலு தவளைகள் பல வருஷமாகச் சேர்ந்து பாடி வந்தன. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு புதுப் பாட்டு கட்டும். இந்த வருஷப் பாட்டில் நாலு வரி முடிவதற்குள் மீன்கொத்தி கிளையிலிருந்து கத்தியது.

"போதும்! உங்க சரக்கெல்லாம் முதல் வருஷ மழையோடயே தீர்ந்துபோச்சு. அந்தப் பழைய பாட்டையே பாடுங்க."

தவளைகளுக்கு முகம் வாடிவிட்டது. "பழசையே பாடிடுவோமா?" என்றது ஒன்று.

தண்ணீரில் கிடந்த எருமை தலையைத் தூக்கியது. "போன வருஷப் பாட்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை, பாதியில எழுந்து போயிட்டேன். இது அப்படியில்லை. முழுசாப் பாடுங்க."

"எனக்கு முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு" என்றது மீன்கொத்தி.

"எனக்கு மூணாவது வரியிலதான் பிடிச்சுது" என்றது எருமை.

பெரிய தவளை தொண்டையை உப்பவைத்துக்கொண்டு முதலிலிருந்து எடுத்தது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. பழைய வேகம் இல்லை, குரல்கள் கனத்திருந்தன. மூன்றாவது வரியில் நாலு குரலும் தனித்தனியாகப் பிரிந்துபோய், ஒன்றாகத் திரும்பி வந்தன.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மீன்கொத்தி மெல்லத் திரும்பியது. கிளைக்கு நேர் கீழே ஒரு கெண்டை துள்ளி, வெள்ளை வயிற்றைக் காட்டிவிட்டு விழுந்தது. மீன்கொத்தி அதைக் கவனிக்கவே இல்லை.