ஆறாயிரத்தில் நின்ற புள்ளிகள்

“நடந்தா சுகர் இறங்கும் பாய். உங்களுக்கு மட்டும் ரொம்ப நடந்தா ஏறுதே, அது எப்படி?”

நர்ஸ் தீபலட்சுமி கிராஃப் தாளை மேசைமேல் விரித்தாள். மதார் மைதீன் அதைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி ரஹ்மத், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையில் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் மதார் மைதீனுக்குச் சர்க்கரை நோய் வந்து ஒரு வருஷம் ஆகிறது. தினமும் மாலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எத்தனை காலடி நடந்தார் என்பதை அவர் சட்டைப்பையில் இருக்கும் போன் எண்ணிவிடும். வீடு திரும்பியதும் ரஹ்மத் அவர் விரலில் குத்திச் சுகரை அளந்து, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுவாள். அந்த ஒரு மாத நோட்டைத்தான் தீபலட்சுமி புள்ளிகளாக வைத்திருந்தாள். கீழே படுத்திருக்கும் கோட்டில் காலடி, இடப்பக்கம் நிற்கும் கோட்டில் சுகர்.

இரண்டாயிரம் காலடிக்கு இருநூற்றுப் பத்து. மூவாயிரத்துக்கு நூற்று எண்பது. நாலாயிரத்துக்கு நூற்று ஐம்பது. புள்ளிகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தன. அப்புறம் தீபலட்சுமியின் பேனா இன்னும் வலப்பக்கம் நகர்ந்தது. ஆறாயிரத்துக்கு நேரே நாலு புள்ளிகள், இருநூற்று எண்பதுக்கும் மேலே கூட்டம் போட்டு நின்றன.

“ஆறாயிரம் நடக்குற அன்னிக்கு மட்டும் இப்படின்னா, போற இடத்துல என்னமோ இருக்கு. என்ன சாப்பிடுறீங்க பாய்?”

“சீயம்,” என்றார் மதார் மைதீன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தார். வெல்லப் பூரணம் வைத்துப் பொரித்த அந்தச் சீயம் நிஜம், கடைதான் பொய்.

இன்னும் ஒரு மாதம் பார்ப்பாராம் டாக்டர், இறங்காவிட்டால் தினமும் ஊசிதானாம். ரஹ்மத் அந்த நாலு புள்ளிகள்மேல் விரலை வைத்து, “ஆறாயிரமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மதார் மைதீன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆறாயிரம் காலடி என்பது, வீட்டிலிருந்து பாளையம்பட்டிக்குப் போய்த் திரும்புகிற தூரம். அங்கேதான் இருக்கிறாள் மகள் ஃபர்ஹானா. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இம்மானுவேலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். அன்றைக்கு ரஹ்மத் அழவில்லை. “அவ வாசல்ல இந்த வீட்டுக் காலு படக் கூடாது. பட்டா, அப்புறம் நான் இங்க இருக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

ஆனால் பெற்ற மனசு கேட்கவில்லை. நாலு மாதமாக, வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அவர் கால்கள் தாமாகப் பாளையம்பட்டிக்குத் திரும்பிவிடும். மகள் மூன்று கரண்டி சீனி போட்டு டீயும், சூடாக இரண்டு சீயமும் கொடுப்பாள். அவள் போன பிறகு வந்த நோய் அவளுக்கு எப்படித் தெரியும்? தன்னால்தான் அத்தாவுக்கு இப்படி ஆயிற்று என்று அழுவாளே என்று அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது, “அம்மா காதுக்குப் போயிரக் கூடாதும்மா,” என்பார். “போகாது அத்தா,” என்று அவள் ஒரு மாதிரிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை சீயம் வேண்டுமானாலும் தின்னலாம்.

வீட்டில் ரஹ்மத் சண்டை போடுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தார். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு, வழக்கம்போல முழங்கால் வலியோடு வந்தாள். கூட்டத்தில் உட்கார ஒரு நாற்காலிகூடப் போட மாட்டார்களா என்று கடிந்துகொண்டே அவர் தைலம் தேய்த்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு, கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தது.

“போதும்ங்க, ஒங்க கை வலிக்கும்,” என்றாள். அந்தக் குரலில் இருந்த பரிவு அவரைக் கொன்றது. இப்படிப்பட்டவளை இனியும் ஏமாற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை போய், ‘இனிமே அத்தா வர முடியாதும்மா’ என்று மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாளையம்பட்டிக்கு நடந்தார். மகள் டீயை நீட்டினாள். சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டு, முதலில் ஒரு வாய் குடித்தார். டீயில் சீனியே இல்லை. தட்டில் சீயமும் இல்லை, அவித்த சுண்டல் இருந்தது.

“என்னம்மா, சீனி தீந்து போச்சா?”

ஃபர்ஹானா உள்ளே போய், மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அதே கிராஃப். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“ஒங்களுக்குச் சுகர்னு ரெண்டு பேரும் சேந்து மறைச்சுட்டீகளே அத்தா.”

“இது... இது எப்படி இங்க வந்துச்சு?”

“ஆறாயிரம்னு நர்ஸக்கா சொன்னதுமே நீங்க எங்க போறீகன்னு அம்மா கண்டுபிடிச்சுட்டாக,” என்றாள் ஃபர்ஹானா. “ஒரு வருஷமா செவ்வாக்கிழமை தவறாம இங்க நடந்து வர்றாகளே, அவுக போனும் அதே ஆறாயிரத்தத்தான காட்டுது.”