புது வீட்டு மூலை

ஆமத்தூரில் பால்பாண்டியும் பாண்டிமீனாவும் தங்களுக்கென்று கட்டிய புது வீட்டுக் கூடத்துக்குள் சாயங்கால வெயில் சாய்ந்து விழ, அதில் தேக்குத் தூள் மிதந்துகொண்டிருக்கிறது. விடிந்தால் பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும். வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுகிற, கூடத்துக்குள் நீட்டி நிற்கும் வெளிமூலையில், சுவரடியை ஒட்டி வரும் இரண்டு மரப்பட்டிகளும் சேராமல் வாயைப் பிளந்து நிற்கின்றன. தச்சு வேலைக்காரன் பால்பாண்டி இரண்டு தடவை நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டிப் பார்த்துவிட்டான். மிச்சம் ஒரே ஜோடி. இதுவும் போனால் விடிவதற்குள் தேக்குக்கு எங்கே போவது?

“கொத்தனாரு சுவர விரிச்சுக் கட்டிட்டாரு. அறுக்குற மிசின் என்ன செய்யும்?” என்கிறான்.

“மிசினுக்கும் உங்களுக்கும் ஒரே பிடிவாதம்,” என்கிறாள் அவன் மனைவி பாண்டிமீனா. பட்டாசுக் கம்பெனியில் பெட்டி மடிக்கிற கை அவளுடையது. ஓர் அட்டையை மூலையைக் கவ்வுகிற மாதிரி கத்தரித்துத் தரையில் பொருத்துகிறாள். சுவரைத் தொட்ட இரண்டு விளிம்புகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து மடித்து, கட்டைவிரலால் அழுத்துகிறாள். “மூல சரிபாதியா மடிஞ்சிருக்கு. இந்த மடிப்புக்கு வெட்டுங்க.”

அவன் ரம்பத்தை மடிப்பின் சாய்வுக்குத் திருப்புகிறான். மிசின் வீறிட்டு அடங்குகிறது. அவள் மூச்சைப் பிடித்தபடி ஒரு பட்டியையும், அவன் மற்றதையும் மூலையில் வைத்து அழுத்துகிறார்கள். பால்பாண்டி இணைப்பின்மேல் நகத்தை ஓட்டுகிறான். எங்கும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

“நாளைக்கு வாரவுகளுக்கு இந்த மூலைய நீதான் நின்னு காட்டணும்.”

“அப்ப பால யாரு காய்ச்சுறது?”

“அத நான் பாத்துக்கிடுதேன் புள்ள.”

அவள் சிரிக்கிற சிரிப்பு, சாமான் ஏறாத அறைகளுக்குள் எல்லாம் ஓடிவிட்டு வருகிறது.