கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துப்பாக்கி

"கத்தரிப்பூ கலரா? இந்தத் துப்பாக்கிக்கா? எம்மெட், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?"

ராய்ஸ் சிரித்தான். துப்பாக்கிகளுக்கு செராமிக் பூச்சு அடித்துத் தருவது அவன் தொழில். அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் பாதிப் பேருடைய துப்பாக்கி அவன் அடுப்பில் வெந்து வெளியே வந்ததுதான்.

எம்மெட் சிரிக்கவில்லை. எண்பதை நெருங்கும் பண்ணைக்காரர்.

"குழாய் கத்தரிப்பூ கலர். லீவர் மஞ்சள். கட்டைக்கு ரோஸ். ஒரு இடம் விடாம அடிச்சிடு."

ராய்ஸ் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எம்மெட்டின் தாத்தா வாங்கிய, அடியிலுள்ள லீவரை இழுத்துச் சுடுகிற துப்பாக்கி. மூன்று தலைமுறைக் கைகள் பட்டுப் பட்டு, நீலக்கறுப்பு மெருகு தேய்ந்து வெள்ளியாக மின்னியது.

"மணல் அடிச்சு உரிச்சுட்டா இந்த மெருகு போனது போனதுதான். பாசிப்பச்சையும் மண் கலரும் கலந்து போடட்டுமா? உங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"பிடிச்ச கலரை நான் கேட்டேனா?"

ராய்ஸ், கூட வந்திருந்த அவர் மனைவி லோர்னாவைப் பார்த்தான். அவளாவது தடுப்பாள் என்று நினைத்தான்.

"அவர் சொன்னபடியே செஞ்சுடுப்பா" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி.

துப்பாக்கி விஷயத்தில் எம்மெட் எவ்வளவு கறார் என்பது ஊருக்கே தெரியும். ஒருமுறை வேட்டை முகாமில், பெரிய கொம்போடு ஒரு எல்க் மான் கல்லெறி தூரத்தில் வந்து நின்றது. அவர் துப்பாக்கி கூடாரத்துக்குள். ராய்ஸின் துப்பாக்கியோ பக்கத்து மரத்திலேயே சாய்ந்திருந்தது. மனிதர் தொடவில்லையே! 'அடுத்தவன் துப்பாக்கியைக் கேக்காம எப்படித் தொடறது?' என்று வெறுங்கையோடு நின்று மானை வழியனுப்பி வைத்தார். இன்றைக்கும் மதுக்கடையில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வயசான காலத்தில் இது என்ன கோமாளி ஆசை என்று ராய்ஸுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினான். மணலைப் பீய்ச்சி மெருகை உரித்தபோது ஏதோ பாவம் செய்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். மேஜைமேல் கிடந்ததைப் பார்க்க ராய்ஸுக்கே கண் கூசியது. எம்மெட் குனிந்து பார்த்தார்.

"சீ! எவன்டா இவன், நல்ல துப்பாக்கியை இப்படிப் பாழாக்கி வெச்சிருக்கான்!"

"இப்ப சொல்லுங்க! அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!" ராய்ஸுக்கு எரிச்சல் வந்தது. "சரி, கையில எடுத்தாவது பாருங்க."

எம்மெட் சட்டென்று இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"அடுத்தவன் துப்பாக்கிடா. அவனைக் கேக்காம எப்படித் தொடறது? லோர்னா, நான் வண்டியில இருக்கேன்."

விளையாடுகிறார் என்றுதான் ராய்ஸ் நினைத்தான். ஆனால் அந்தக் கண்களில் விளையாட்டே இல்லை.

லோர்னா துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றினாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி.

"ரொம்ப நல்லா வந்திருக்கு, ராய்ஸ்."

"லோர்னா, அவருக்கு என்ன ஆச்சு?"

"போன மாசம் நான் தொழுவத்துலேர்ந்து உள்ளே வந்தேன். யாரோ திருடின்னு நினைச்சு, இதை என் நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டாரு. ஞாபகம் திரும்பினதும் குழந்தை மாதிரி அழுதாரு. மத்த துப்பாக்கியெல்லாம் வித்தாச்சு, தாத்தாவோடதை மட்டும் விட மனசு வரலை. பூட்டி வெச்சா உடைச்சுடறாரு." அவள் வண்டியைப் பார்த்தாள். "'எனக்கே என்னோடதுன்னு தெரியாம பண்ணிடலாம் லோர்னா, அப்புறம் நான் தொடவே மாட்டேன்'னு சொல்லி, அந்த மூணு கலரையும் பொறுக்கினது அவரேதான்."